இனம் எண் ஒன்று முதல் ஐந்து வரை

மார்ச் 3, திங்கள்

இந்த நோட்டு உரக்கடையில் கொடுத்தது. இரண்டு மாதமாக அரிசி டப்பா மேல் சும்மா கிடந்தது. மூன்றாம் வகுப்பு வரைதான் படித்தேன், ஆனால் எழுத்து மறக்கவில்லை. நான் எதையும் மறந்தவள் இல்லை. இதை எழுதுவது எனக்காக இல்லை. நாளைக்கு எவராவது "நான் அப்படிச் சொல்லவே இல்லையே" என்று சாதித்தால் எடுத்துக் காட்டுவதற்கு.

இன்று தாரணிக்குப் பார்சல் வந்தது. தாரணி என் மகன் வயிற்றுப் பேத்தி. போக்குவரத்துப் போலீஸ். ஈரோட்டில் வேலை என்பதால் நானும் அவளும் இந்த அடுக்குமாடியில் முதல் மாடியில் இருக்கிறோம். அவள் நாலு ரோட்டில் வெயிலில் நிற்பாள், நான் சோறாக்கி வைப்பேன்.

பிரித்துப் பார்த்தால் ஐந்து துணி. ஒன்றில் சிவப்புப் பூ, ஒன்றில் மீன், ஒன்றில் கிளி, ஒன்றில் மாங்காய், ஒன்றில் யானை. ஒவ்வொன்றுக்கும் இரண்டு பக்கமும் காது. காதில் பிரஸ் பட்டன்.

"என்ன கண்ணு இது, தலகாணி ஒறையா? இத்துனூண்டு இருக்குது?"

"அப்பத்தா, இது மாசாமாசம் வெக்கறதுக்கு. தொவைச்சுத் தொவைச்சு வெச்சுக்கலாம். மூணு வருசம் வரும்."

எனக்குத் தலை சுற்றியது. என் மருமகள் முதன்முதலாகக் காகிதம் சுற்றிய பாக்கெட்டோடு வீட்டுக்குள் வந்த அன்று, அந்தக் கந்தல் துணி சனியன் இந்தக் குடும்பத்தை விட்டுத் தொலைந்தது என்று பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்தவள் நான். அது யானைப் படம் போட்டுக்கொண்டு தபாலில் திரும்பி வந்திருக்கிறது.

"நாங்க பட்டது பத்தாதுன்னு நீயுமாடி?"

"போன மாசம் நான் பட்டதைப் பாத்தீங்கல்ல?"

பார்த்தேன். பன்னிரண்டு மணி நேரம் அந்தப் பாக்கெட்டை வைத்து நின்றுவிட்டு, தொடை இரண்டும் புண்ணாகிக் காலை அகட்டி அகட்டி மாடி ஏறி வந்தாள். நான்தான் தேங்காய் எண்ணெய் போட்டேன். டாக்டரம்மா அதைத் தொடவே கூடாது என்று சொல்லிவிட்டார். அதனால் மேற்கொண்டு பேசவில்லை. சம்மதித்தேன் என்று அர்த்தம் இல்லை.

மார்ச் 4, செவ்வாய்

வைப்பதற்கு முன்னால் நாலு தடவை அலசிக் காய வைக்க வேண்டுமாம். அப்போதுதான் உறிஞ்சுமாம். துணிக்குப் பயிற்சி கொடுக்கிற காலம்.

மார்ச் 6, வியாழன்

நேற்று அவளுக்கு ஆனது. இன்று காலையில் வாளியில் ஊறப் போட்டுவிட்டு வேலைக்குப் போய்விட்டாள். ஒன்பது மணிக்குப் பார்த்தால் துணி கசக்கி, அலசி, பிழிந்து இருந்தது. யார் செய்தார்கள் என்று சாயங்காலம் கேட்டாள். எனக்குத் தெரியாது என்றேன்.

"குளிக்கற ரூமுக்குள்ளயே காயப் போடு" என்று சொல்லிப் பார்த்தேன்.

"நிழல்ல போட்டா பூஞ்சை புடிக்கும் அப்பத்தா. வெயில்ல காஞ்சாத்தான் கிருமி சாகும். மாடிக்கு என்ன?"

மாடிக்கு என்னவா! மாடியில் எங்கள் கொடிக்கு அடுத்த கொடி மாராக்காளுடையது.

மார்ச் 7, வெள்ளி

மாராக்காள் யார் என்று எழுதி வைக்க வேண்டும்.

என் வீட்டுக்காரரின் தங்கை. என் நாத்தனார். இரண்டாம் மாடியில் மகனோடு இருக்கிறாள். இந்த வீட்டைத் தாரணிக்குப் பிடித்துக் கொடுத்ததே அவள்தான் என்பது பால் காய்ச்சின பிறகுதான் எனக்குத் தெரிந்தது. தெரிந்திருந்தால் பாலை அடுப்பில் வைத்திருக்க மாட்டேன்.

எழுபதாம் வருஷம் சித்திரை மாதம். எனக்குப் பத்தொன்பது வயது. தோட்டத்தில் கிணறு வெட்டினார்கள். அந்தத் துணியை அலசி, மாடு கட்டுகிற சாளைக்குப் பின்னால் வேலியில், கிழிந்த சாக்குக்கு அடியில் காயப் போட்டிருந்தேன். காயாது. காய்ந்தாலும் பலகை மாதிரி இருக்கும். இருந்தாலும் யார் கண்ணிலும் படக்கூடாது, அதுதான் சட்டம். அன்று மாராக்காள் சாக்கை விலக்கி, அதை எடுத்து, ஒரு கோலில் கட்டிக்கொண்டு கிணற்று மேட்டுக்கே போனாள். "எங்க நங்கை கொடி ஏத்தியிருக்குது, பாத்துக்கோங்க!" என்று ஆட்டிக் காட்டினாள். நங்கை என்றால் அண்ணன் பெண்டாட்டி. அதாவது நான்.

கிணற்றுக்குள் பதினோரு பேர். ராக்கியண்ணன், சின்னப்பன், கோட்டை வீட்டு மாரப்பன், அவன் தம்பி, ஒட்டன்காட்டு பழனி, சுப்பன், இன்னொரு சுப்பன், வெங்கிட்டான், கல்லு உடைக்கிற நடேசன், அவன் மைத்துனன், பம்பு மேஸ்திரி. பதினோரு பேரும் சிரித்தார்கள். பம்பு மேஸ்திரி கொஞ்சம் தாமதமாகச் சிரித்தான்.

அன்றிலிருந்து நான் மாராக்காளோடு நேருக்கு நேர் பேசினதில்லை. ஐம்பத்தைந்து வருஷம். பேச வேண்டி வந்தால் பக்கத்தில் இருக்கிற எதையாவது பார்த்துப் பேசுவேன். சொந்தக்காரர் கல்யாண வீடுகளில் ஆட்டுக்கல்லோடு பேசியிருக்கிறேன். இந்தக் கட்டடத்தில் லிப்ட் இருப்பது சௌகரியமாகப் போயிற்று.

மார்ச் 8, சனி

மாடியில் ஐந்து துணியும் வரிசையாகக் காய்ந்துகொண்டிருந்தன. பட்டப்பகலில். யானை முதற்கொண்டு. மாராக்காள் வடகம் பிழிந்துகொண்டே அதையே பார்த்தாள். நான் என் சேலையை எடுத்து மேலே மூடினேன். தாரணி வந்து சேலையை எடுத்து மடித்து என் கையில் கொடுத்தாள்.

மார்ச் 9, ஞாயிறு

இன்று இங்கே எழுத ஒன்றும் இல்லை. மதியம் கொஞ்ச நேரம் வேறு ஒன்று எழுதினேன். சாயங்காலம் நடக்கலாம் என்று கீழே போனேன். குடியிருப்போர் சங்கத்தின் புகார்ப் பெட்டிக்குப் பச்சை வர்ணம் அடித்திருக்கிறார்கள், நன்றாக இருக்கிறது.

மார்ச் 10, திங்கள்

தாரணி காலையில் கோயமுத்தூர் கிளம்பினாள். இருபது நாள் பயிற்சி. முப்பத்தொன்றாம் தேதி வருகிறாள். ஏப்ரல் இரண்டாம் தேதி மாரியம்மன் பண்டிகை பந்தோபஸ்து, விடிந்ததிலிருந்து பொழுது விழும்வரை ரோட்டில் நிற்க வேண்டும்.

"எனக்குத் தேதி கரெக்டா அன்னிக்குத்தான் வருது அப்பத்தா. மாடில காயறதை எடுத்து பீரோல வெச்சுருங்க. அது இல்லீன்னா என் பொழப்பு நாறிரும்."

சரி என்று தலையாட்டினேன்.

பதினொரு மணிக்குச் செயலாளர் சென்னியப்பன் மாடி ஏறினார். சார் பதிவாளராக இருந்து ஓய்வு பெற்றவர். ஒரு கையில் இடுக்கி, ஒரு கையில் பிளாஸ்டிக் கவர், பின்னால் வாட்ச்மேன் நாச்சிமுத்து. "கண்ட துணிகள் காயப் போடப்படுவதாக எழுத்துப்பூர்வமான புகார் வந்திருக்குதுங்க" என்று படியேறும்போதே எல்லார் வீட்டுக்கும் கேட்கிற மாதிரிச் சொல்லிக்கொண்டே போனார். ஐந்தையும் இடுக்கியால் பிடித்துக் கவரில் போட்டுக்கொண்டு இறங்கிவிட்டார்.

பெயர் போடாமல் எழுதுகிற கடிதத்துக்கு இவ்வளவு மரியாதை கொடுப்பார் என்று எவர் கண்டார்? ஒரு நோட்டீஸ் ஒட்டுவார், தாரணி பார்த்துவிட்டுத் துணியைக் குளியலறைக்குள் கொண்டுவந்துவிடுவாள் என்றுதான் எவரும் நினைத்திருப்பார்கள். எழுதினவர்கள் நினைத்திருப்பார்கள் என்று சொல்கிறேன்.

மார்ச் 12, புதன்

இப்படி ஒன்றை நான் பார்த்ததில்லை.

கீழே வாசலில் நோட்டீஸ் ஒட்டுகிற கண்ணாடிப் பெட்டி இருக்கிறது, பூட்டு போட்டது. அதற்குள் ஐந்து துணியையும் காதை விரித்து, குண்டூசி குத்தி, வரிசையாக மாட்டியிருக்கிறார். ஒவ்வொன்றுக்கும் கீழே துண்டுச் சீட்டு: இனம் எண் 1, இனம் எண் 2 என்று ஐந்து வரை. மேலே ஒரு தாள்: "மொட்டை மாடியில் கண்டெடுக்கப்பட்ட இனங்கள். உரியவர், அடையாளமும் பயன்பாடும் தெரிவித்துப் பெற்றுக்கொள்ளவும்." ஓரத்தில் அந்த மொட்டைக் கடிதத்தையும் ஆதாரமாக ஒட்டியிருக்கிறார்.

அந்த மனுசனுக்கு அது என்னவென்று தெரியவில்லை!

அது மட்டுமா? அவருக்குப் பக்கத்தில் பொருளாளர் தெய்வசிகாமணி நின்றுகொண்டிருந்தார். அறிவியல் வாத்தியாராக இருந்தவர். கண்ணாடி வழியாக ஸ்கேல் வைத்து அளந்தார்.

"பத்தங்குலம் நீளம். நடுவுல நாலஞ்சு அடுக்கு. தண்ணி கீழ எறங்காத மாதிரி ஒரு லேயர் இருக்குது. சாதாரண ஆள் பண்ணுனதில்லீங்க இது."

"மூக்குக் கண்ணாடி வெக்கற ஒறையா இருக்குமோ?"

"றெக்கை எதுக்குங்க கண்ணாடிக்கு? மிக்ஸி ஜாடியைச் சுத்திப் பட்டன் போடறதா இருக்கும். சூடு தாங்கும் பாருங்க."

மூன்றாவது வீட்டுக்காரர் வந்தார். வண்டிச் சைடு கண்ணாடிக்கு உறை என்றார். எட்டாவது வீட்டுக்காரர் குழந்தைக்குச் சோறூட்டும்போது கழுத்தில் கட்டுவது என்றார். எல்லாரும் பிள்ளை குட்டி பெற்றவர்கள்.

மார்ச் 13, வியாழன்

பன்னிரண்டு வீட்டுப் பெண்களுக்கும் தெரியும். ஒருத்தி வாயைத் திறக்கவில்லை. காய்கறி வண்டி வந்தால் கண்ணாடிப் பெட்டிப் பக்கம் திரும்பாமல், கழுத்து சுளுக்கினவர்கள் மாதிரி நடந்து போகிறார்கள். செயலாளர் தன் சம்சாரத்தையே கூப்பிட்டு, "இங்க வா, இது என்னன்னு உனக்குத் தெரியுதா?" என்று கேட்டார். அந்தம்மா பார்த்துவிட்டு, "அடுப்புல பால் வெச்சிருக்கறனுங்க" என்று உள்ளே போய்விட்டது. அவர்கள் வீட்டுப் பால் இரண்டு நாளாகக் காய்கிறது.

மார்ச் 16, ஞாயிறு



தெய்வசிகாமணி வாத்தியார் நேற்று "சோதனைக்காக" என்று இனம் எண் 4-ஐக் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டார். மாங்காய் போட்டது. இன்று காலையில் தன் ஹெல்மெட்டுக்குள் வைத்து, காதை இரண்டு பக்கமும் வாரில் சுற்றிப் பட்டன் போட்டார். சரியாகப் பொருந்திவிட்டது. அதை மாட்டிக்கொண்டு உழவர் சந்தைக்குப் போய் இரண்டு கட்டு முருங்கைக்கீரை வாங்கிக்கொண்டு வந்தார். எல்லா மாடியிலும் பெண்கள் கம்பியைப் பிடித்துக்கொண்டு பார்த்தார்கள். அவர் கீழே இறங்கி ஹெல்மெட்டைக் கழற்றி, வழுக்கையைத் தடவிப் பார்த்து, "செயலாளரே! ஒரு சொட்டு வேர்வை கீழ எறங்கலீங்க! இது தலைக்கவச உள்துணி. சந்தேகமே இல்லை!" என்று கத்தினார்.

இரண்டாம் மாடியில் ஒரு சத்தம் கேட்டது. மாராக்காள் சேலைத் தலைப்பை வாயில் வைத்து அமுக்கியிருந்தாள். நானும் அதேபோல அமுக்கியிருந்தேன். ஒருத்தரை ஒருத்தர் பார்த்துவிட்டோம். நான் உடனே உள்ளே வந்துவிட்டேன்.

மார்ச் 18, செவ்வாய்

தாரணி போன் செய்தாள். சாப்பாட்டில் உப்பே இல்லையாம்.

"துணியெல்லாம் எடுத்து வெச்சுட்டீங்களா அப்பத்தா?"

"பத்திரமா இருக்குது கண்ணு."

பொய் இல்லை. பூட்டு போட்டுத்தான் இருக்கிறது.

மார்ச் 19, புதன்

நேரில் போய்க் கேட்டுவிடுவது என்று சென்னியப்பன் வீட்டுக்குப் போனேன். நல்ல மரியாதையான மனுசன்தான். நாற்காலி போட்டார்.

"அந்தக் கண்ணாடிப் பொட்டில இருக்கறதுங்க... அது எங்களுதுங்க."

"அப்படிங்களா! ரொம்ப சந்தோசமுங்க." நோட்டைத் திறந்தார். "அது என்ன பொருளுங்க?"

"சாமானுங்க."

"என்ன சாமானுங்க?"

"வீட்டுச் சாமானுங்க."

"எதுக்குப் பயன்படுத்தறதுங்க? பயன்பாடுன்னு ஒரு கலம் இருக்குதுங்க, பாருங்க."

அந்தக் கலத்தைப் பார்த்தேன். அவர் பேனாவோடு காத்திருந்தார். எழுபத்து நாலு வயதாகிறது. ஒரு ஆம்பிளை முன்னால் அந்தப் பேச்சை நான் எடுத்ததில்லை. கட்டின புருஷனிடம் முப்பது வருஷம் "தலைவலி" என்றுதான் சொல்லியிருக்கிறேன். அவரும் மாதத்துக்கு மூன்று நாள் எனக்குத் தலைவலி மாத்திரை வாங்கிக் கொடுத்திருக்கிறார். போட்டுத் தொலைத்திருக்கிறேன்.

"என்னுங்கம்மா?"

"அடுப்புல பால் வெச்சிருக்கறனுங்க" என்று எழுந்து வந்துவிட்டேன்.

மார்ச் 22, சனி

லிப்டில் மாராக்காள் இருந்தாள். நான் ஏறினேன். அவள் பட்டனைப் பார்த்துச் சொன்னாள்:

"ஏ லிப்டு, சில பேரு எழுத்து எறும்புச் சாரி மாதிரி ஒரு பக்கமாச் சாஞ்சே போகும். எங்கண்ணன் பட்டாளத்துல இருந்தப்ப வந்த கடுதாசியெல்லாம் எங்கம்மாளுக்கு நான்தானே படிச்சுக் காட்டுனேன், அதுக்குப் போன பதிலும் பாத்திருக்கறேன். எனக்கு மறக்குமா?"

நான் லிப்டுக்குள் மேலே இருக்கிற மின்விசிறியைப் பார்த்துச் சொன்னேன்: "மறக்காதவங்களுக்குப் பழைய சங்கதியெல்லாம் ஞாபகம் இருக்கோணும்."

அவள் பட்டனை இன்னொரு தடவை அமுக்கினாள். இறங்கும்போது, "புள்ளைக்கு ரெண்டாம் தேதிதானே? போன் பண்ணிச்சு" என்று லிப்டுக் கதவிடம் சொல்லிவிட்டுப் போனாள்.

ஆக, அவளுக்குத் தெரியும். துணி யாருடையது என்பதும் தெரியும், கடிதம் யாருடையது என்பதும் தெரியும். எல்லாரையும் கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. ஏன் என்று எனக்குப் புரியவில்லை, புரிந்துகொள்ள எனக்கு அவசியமும் இல்லை.

மார்ச் 25, செவ்வாய்

என் வீட்டுக்காரரின் பழைய வேட்டி ஒன்று பெட்டியில் இருந்தது. கிழித்து, மடித்து, நானே தைத்தேன். மணிக்கட்டு வலித்தது. அரை டம்ளர் தண்ணீர் ஊற்றிப் பார்த்தேன். எண்ணி முடிப்பதற்குள் மறுபக்கம் வந்து தரையில் சொட்டியது. கறை படும் என்று மஞ்சள் மூட்டை மேல் உட்காரப் பயந்து, ஒரு நாள் முழுக்க நின்றுகொண்டே களை வெட்டினது ஞாபகம் வந்தது.

பிரித்துப் போட்டேன். இதைக் கட்டிக்கொண்டு அவள் ரோட்டில் நிற்கக் கூடாது.

மார்ச் 28, வெள்ளி

நோட்டீஸ் ஒட்டிவிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு அவசரப் பொதுக்குழு. பொருள் எண் மூன்று: "மாடியில் கண்டெடுக்கப்பட்ட தலைக்கவச உள்துணி ஐந்தும் உரிமை கோரப்படாததால் நிர்வாகக் குழுவின் இருசக்கர வாகனங்களுக்கு ஒதுக்குதல். மேலும் பன்னிரண்டு வீட்டுக்கும் இதேபோல் வாங்குவது பற்றி ஆலோசித்தல்."

ஒதுக்கிவிட்டால் முடிந்தது. ஐந்து பேர் தலையில் ஐந்து போய்விடும். செவ்வாய்க்கிழமை ராத்திரி போய் விடிந்தால் புதன்கிழமை, அவள் ரோட்டில்.

மார்ச் 30, ஞாயிறு

காலையில் யுகாதி என்று அடுத்த வீட்டு ரெட்டியாரம்மா பச்சடி கொடுத்தது. கசப்புதான் தூக்கலாக இருந்தது.

வண்டி நிறுத்துகிற இடத்தில் நாற்காலி போட்டிருந்தார்கள். முன்வரிசையில் ஆம்பிளைகள், தூணுக்குப் பின்னால் பெண்கள். முதல் பொருள், தண்ணீர்த் தொட்டி கழுவுவது. இரண்டாவது, நாய். ஒரு மணி நேரம் நாயைப் பற்றிப் பேசினார்கள். பிறகு சென்னியப்பன் கண்ணாடிப் பெட்டியைத் திறந்து ஐந்தையும் ஒரு தட்டில் வைத்துக் கொண்டுவந்தார். சீர்த்தட்டு மாதிரி. தெய்வசிகாமணி தன் ஹெல்மெட்டை மேசை மேல் கவிழ்த்து வைத்து, செய்முறை விளக்கம் கொடுத்தார்.

"ஆட்சேபணை உள்ளவங்க சொல்லலாமுங்க" என்றார் சென்னியப்பன். "ஒரு தரம்... ரெண்டு தரம்..."

நான் எழுந்தேன். உண்மையாக எழுந்தேன். வாயைத் திறந்தேன். காற்றுதான் வந்தது. முன்வரிசையில் எத்தனை பேர் என்று எண்ணினேன். வேண்டுமென்று எண்ணவில்லை, கண் தானாக எண்ணியது. பதினோரு பேர்.

"என்னுங்கம்மா, பால் வெச்சிருக்கறீங்களா?" என்று எட்டாவது வீட்டுக்காரன் கேட்டான். சிரித்தார்கள்.

அப்போது பின்னாலிருந்து மாராக்காள் குரல் வந்தது.

"அது என்னுதுங்க. குடுங்க இங்க."

மாராக்காள் தூணைத் தாண்டி முன்னால் வந்து தட்டில் கை வைத்தாள்.

"உங்களுதுங்களா? அடையாளம் சொல்லுங்க."

"பூப் போட்டிருக்குது, மீன் போட்டிருக்குது."

"அது எல்லாருக்கும் தெரியுதுங்களே. பயன்பாடு?"

"எனக்கு வேணும், குடுங்கன்னா குடுக்கறதுதானே! வயசான பொம்பளை கேட்டா கேள்வி என்ன வேண்டிக்கிடக்குது?"

அவள் எதற்காகச் செய்தாள் என்பதைப் பிறகு யோசித்துக்கொள்ளலாம். அந்த நிமிஷம் எனக்கு ஒன்றுதான் தெரிந்தது. எழுபதாம் வருஷம் என் துணியை எடுத்தவள், இன்றைக்கு மறுபடியும் என் துணி மேல் கை வைக்கிறாள். பத்துப் பேர் முன்னால். பதினோரு பேர் முன்னால். எனக்கு எங்கிருந்து வந்ததோ தெரியாது.

"எடுடி கையை!"

கட்டடமே திரும்பியது. ஐம்பத்தைந்து வருஷத்தில் நான் அவளிடம் நேராகச் சொன்ன முதல் வார்த்தை அது.

"நங்கை, நீங்க சும்மா இருங்க. நான்தான் வாங்கித் தர்றேன்ல..."

"நீ எதுக்கு வாங்கோணும்? அன்னிக்கும் நீதான் எடுத்தே, இன்னிக்கும் நீதான் எடுக்கறயா? உன்னுதுன்னா சொல்லு பாக்கலாம், கிளிக்கு எத்தனை தையல் விட்டிருக்குது? யானை எந்தப் பக்கம் வெளுத்திருக்குது? மீன்ல இடது காதுப் பட்டன் இறுக்கமா, தளர்வா? நீயா கசக்குனே? நாந்தான்டி கசக்குனேன் ஒவ்வொண்ணையும், பச்சத் தண்ணில, மூணு அலசு!"

"சரி, உங்களுதுதான். சொல்லீட்டு எடுத்துட்டுப் போங்களே! எதுக்குன்னு கேக்கறாரு, சொல்லுங்களே!"

"சொல்றன்டி! எனக்கென்ன பயமா?" நான் சென்னியப்பன் பக்கம் திரும்பினேன். "பயன்பாடுன்னு கேட்டீங்களே, எழுதிக்கங்க. பொம்பளைங்க தூரமானா வெக்கற துணிங்க அது! மாசாமாசம் வருதே, அதுக்கு! எம்பேத்தி வெக்கறது! உங்கூட்டுல இருக்கறவங்க வெக்கறது! உங்களைப் பெத்தவங்களும் வெச்சாங்க, என்னாட்டவே சாக்குக்கடியில காயப் போட்டுக் காயப் போட்டு வெச்சாங்க! தலைக்கு இல்லீங்க வாத்தியாரே!"



தெய்வசிகாமணியின் வலது கை மெதுவாக, தானாக மேலே போய், வழுக்கைக்கு ஒரு சாண் தூரத்தில் நின்றது. தொடுவதா வேண்டாமா என்று அதற்கே தெரியவில்லை.

பெண்கள் பக்கம் முதலில் சிரித்தது யார் தெரியுமா? சென்னியப்பன் சம்சாரம். பால் காய்ச்சின அம்மா. நாற்காலியிலிருந்து நழுவித் தரையில் உட்கார்ந்துகொண்டு சிரித்தது. பிறகு யாரையும் நிறுத்த முடியவில்லை. "பதினாறாந்தேதியே சொல்லியிருப்பேனுங்க" என்றது மூன்றாவது வீட்டுப் பெண், கண்ணைத் துடைத்துக்கொண்டு, "கீரை வாங்கீட்டு வந்தாருங்களே, அப்பவே. வாய் வரல."

"தொவைச்சதுதானே வாத்தியாரே, ஒண்ணும் ஆகாதுங்க" என்று மாராக்காள் அவருக்கு ஆறுதல் சொன்னாள். "வேர்வை எறங்காதுன்னு நீங்க சொன்னது நெசம்தான்."

சென்னியப்பன் மட்டும் தலை நிமிரவில்லை. முப்பத்து நாலு வருஷம் எத்தனையோ பேர் சொத்தை எழுதின கை. நோட்டில் "பயன்பாடு" என்ற கலத்தின் மேல் பேனாவை வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தார். கடைசியில் எழுதினார். நான் எட்டிப் பார்த்தேன். "மேற்படி பொருள், மேற்படி பயன்பாட்டுக்கானது எனத் தெரியவந்து, மேற்படி அம்மையாரிடம் ஒப்படைக்கப்பட்டது."

கையெழுத்துப் போட்டேன். தட்டோடு எடுத்துக்கொண்டேன்.

லிப்டுக்குள் நானும் மாராக்காளும் மட்டும். பொத்தானை யார் அமுக்குவது என்று இரண்டு பேரும் நின்றோம்.

"கெணத்து மேட்டுல ஆட்டிக் காட்டுனியே" என்றேன். லிப்டிடம் இல்லை. அவளிடம். "எதுக்குடி காட்டுனே?"

அவள் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எனக்கு அப்பப் பன்னெண்டு வயசுங்க நங்கை. நான் வயசுக்கு வந்ததே அதுக்கு ரெண்டு வருசம் கழிச்சு. அது என்னன்னு எனக்கு யாருங்க சொன்னாங்க? சாக்குக்கடில ஒளிச்சு வெச்சிருக்கவும் திருவிழாக் கொடி போலன்னு நெனைச்சுட்டேன். நெசமாலுமே கொடின்னுதான் நெனைச்சேன்."

"தெரிஞ்ச பொறவாவது வந்து சொல்றதுக்கென்ன?"

"வந்தனுங்க. எனக்கு ஆன அன்னிக்கே வந்தேன். நீங்க ஆட்டுக்கல்லுகிட்டப் பேசிட்டிருந்தீங்க."

முதல் மாடி வந்தது. நான் இறங்கிவிட்டேன். தெரியாமல் செய்தாலும் செய்தது செய்ததுதான். இதை இங்கே தெளிவாக எழுதி வைக்கிறேன்.

வாத்தியார் வைத்திருந்த மாங்காயை மட்டும் தனியாக ஊறப் போட்டேன். ஐந்து அலசு.

மார்ச் 31, திங்கள்

மாடியில் காயப் போட்டேன். நடுக்கொடியில், நல்ல வெயிலில். மாராக்காள் கிளிப் கொண்டுவந்து கொடுத்தாள். வாங்கிக்கொண்டேன். கிளிப்பின் மேல் எனக்கு ஒன்றும் கோபம் இல்லை.

சாயங்காலம் தாரணி வந்தாள். அவள் கேட்பதற்கு முன்னாலேயே வாட்ச்மேன் கேட்டிலேயே எல்லாம் சொல்லிவிட்டிருக்கிறான். பையைக் கூட இறக்காமல் சமையலறைக்குள் வந்து நின்றாள்.

"மொட்டைக் கடுதாசி எழுதுனது யாருன்னு தெரியுமா அப்பத்தா?"

போலீஸ் புத்தி. நான் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். இரண்டு வெங்காயம் உரித்தேன்.

"நாந்தான்" என்றேன்.

அவள் பையை இறக்கி வைத்தாள். பிறகு ஒரு வெங்காயத்தை எடுத்து உரிக்க ஆரம்பித்தாள். "விசாரணை முடிஞ்சுது" என்றாள்.

ஏப்ரல் 1, செவ்வாய்

ஐந்தும் காய்ந்து மொறமொறவென்று இருந்தன. மடித்து அவள் பையில் வைத்தேன். யானையை மேலே வைத்தேன்.

ஏப்ரல் 2, புதன்

விடியும்போதே கிளம்பினாள். காலையிலேயே ஆகிவிட்டது, சரியாகத் தேதிக்கு. நல்ல வெயில். ரோடெல்லாம் மஞ்சள் தண்ணீர். டிவியில் கூட்டத்தைக் காட்டினார்கள். ஒரு தொப்பி தெரிந்தது, அவளுடையதா என்று சொல்ல முடியவில்லை. மாராக்காள் கீழே வந்து என் வீட்டில் உட்கார்ந்து அவளும் டிவி பார்த்தாள். அதோ, அதோ என்று இரண்டு பேரும் வேறு வேறு தொப்பியைக் காட்டினோம்.

மத்தியானம் மூன்று மணிக்கு மனசு பொறுக்காமல் போன் போட்டேன். பின்னால் ஒரே மேளச் சத்தம்.

"என்ன அப்பத்தா, அவசரமா?"

"எப்படி இருக்குது கண்ணு?"

"கூட்டந்தான். கோயில் வாசக்கிட்ட மூணு பேரு மயங்கி உளுந்துட்டாங்க."

"அது இல்ல. அது... உனக்கு எப்படி இருக்குது?"

"எனக்கென்ன?" என்றாள். பிறகு சிரித்தாள். "ஐயோ அப்பத்தா, மறந்தே போச்சு எனக்கு."

யாராவது மறந்துபோச்சு என்று சொன்னால் எனக்கு ஆத்திரம் வரும். இன்று வரவில்லை. போனை வைத்துவிட்டு, அவள் சொன்னதை மாராக்காளிடம் இரண்டு தடவை சொன்னேன்.